இருபத்துநான்கு மணி நேர உப்பு

ஓர் ஊரார் நாளொன்றுக்கு எவ்வளவு உப்புச் சாப்பிடுகிறார்கள் என்று அறிய உலகம் இன்றைக்கும் நம்பியிருக்கும் கருவி, மூடி போட்ட ஒரு பிளாஸ்ரிக் கலன். மூன்று லீற்றரிலிருந்து ஐந்து லீற்றர்வரை கொள்ளும். ஆய்வுக்கு வரும் தாதி அதைக் கையில் தந்து சொல்வது ஏறத்தாழ இப்படி இருக்கும்: "அம்மா, நாளைக்குக் காலமை எழும்பினதும் போற முதல் சலத்தை வெளியில விடுங்கோ. அந்த நேரத்தைக் குறிச்சு வையுங்கோ. அதுக்குப் பிறகு பகலும் இரவும் போறதெல்லாம் இதுக்குள்ள. நாளையிண்டைக்குக் காலமை அதே நேரம் போறதையும் சேர்த்திட்டு மூடுங்கோ. ஒருக்கால் தவறினாலும் மறைக்காமல் சொல்லுங்கோ."

கேட்க இலகுதான். ஆனால் அந்தக் கலனைச் சீலைப் பையில் வைத்துக்கொண்டு பருத்தித்துறை பஸ்ஸில் ஏற எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? திருநெல்வேலிச் சந்தையில் நாள் முழுக்க மரக்கறி விற்கும் பெண், பள்ளிக்கூடத்தில் ஒரே மலசலகூடத்தைப் பலரோடு பகிரும் ஆசிரியை, விடியப்புறம் கடலுக்குப் போகும் தொழிலாளி ஆகியோரிடம் போய்க் கேட்டால் தலையாட்டுவார்கள். கலன் அரைகுறையாகத் திரும்பி வரும். வீட்டோடு இருப்பவர்கள்தான் ஒழுங்காகச் சேர்த்துத் தருவார்கள். அப்படியானால் நாம் அளந்தது ஊரின் உப்பையா, வீட்டோடு இருப்பவர்களின் உப்பையா? உப்பு ஆய்வின் முதற் சிக்கல் இங்கேயே, ஆய்வுகூடத்தை எட்டுவதற்கு முன்பே, தொடங்கிவிடுகிறது.

இவ்வளவு கரைச்சல் ஏன்? "எவ்வளவு உப்புப் போடுகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போகலாமே. யாழ்ப்பாணத்து அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றால் விடை கிடைக்கும். உப்பு அளக்கப்படுவதில்லை, கையால் அள்ளிப் போடப்படுகிறது. இடியப்பத்துக்கும் புட்டுக்கும் மா குழைக்கும்போதே உப்புச் சேர்கிறது. சொதியில் ஒரு உப்பு, சம்பலில் ஒரு உப்பு, மீன் கறியில் ஒரு உப்பு. ஒரே சட்டிக் குழம்பை ஆறு பேர் சாப்பிடுகிறார்கள். ஒருவர் மீன் துண்டை மட்டும் எடுப்பார், இன்னொருவர் குழம்பைச் சோற்றில் குளமாக விடுவார். கருவாட்டை ஊறவைத்துக் கழுவும்போது எவ்வளவு உப்புத் தண்ணீரோடு போயிற்று, எவ்வளவு கறிக்குள் வந்தது என்று யாராலும் சொல்ல இயலாது. ஒடியற்கூழ் குடித்தவரிடம் போய், அதிலிருந்த நண்டும் றாலும் திருக்கையும் தம்மோடு கொண்டுவந்த உப்பு எவ்வளவு என்று கேட்பது வீண் வேலை. மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், ஊறுகாய் என்பவற்றையோ யாரும் சாப்பாட்டுக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அவை "சும்மா கடிக்க".

சிறுநீர் இந்தக் குழப்பங்களையெல்லாம் தாண்டிப் போகிறது. சாப்பாட்டோடு உள்ளே போகும் சோடியத்தில் பத்தில் ஒன்பது பங்களவு ஏறத்தாழ ஒரு நாளுக்குள் சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. சம்பலில் வந்ததா, பாணில் வந்ததா, குடித்த தண்ணீரில் வந்ததா என்று சிறுநீரகம் பார்ப்பதில்லை. ஒரு கிராம் உப்பில் கிட்டத்தட்ட 17 மில்லிமூல் சோடியம் உண்டு. ஒருவரின் ஒரு நாட் கலனில் 137 மில்லிமூல் இருந்தால், 8 கிராம் உப்பு வெளியே வந்திருக்கிறது. உள்ளே போனது அதைவிடச் சற்றுக் கூட. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குப் பரிந்துரைக்கும் மேல் எல்லை நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் உட்பட்ட அளவு. உலகச் சராசரி இதற்கு இரண்டு மடங்கு: 2023 இல் அந்த நிறுவனம் வெளியிட்ட அறிக்கை 10.8 கிராம் என்கிறது. இலங்கையில் கொழும்பு மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் போசாக்குத் துறையினர் நகரிலும் கிராமத்திலும் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அளந்தபோது கிடைத்தது சுமார் 8 கிராம்.

இந்த 8 என்ற எண்ணை நான் பெரிதாக எடுப்பதில்லை. அது பொய் என்பதற்காக அல்ல. ஒற்றை எண் நமக்குச் சொல்வது மிகக் குறைவு. அதே அளவுகோலால், அதே முறையில், ஐந்து வருடத்துக்குப் பிறகு எடுக்கும் இரண்டாவது எண்தான் முதலாவதற்குப் பொருள் தருகிறது. சென்னையில் நடந்த ஆய்வொன்று 2007 இல் நகர மக்களின் உப்பு 8.5 கிராம் என்றது; அது உணவுக் கேள்விக்கொத்தால் வந்த எண். 2014 இல் ஆந்திரத்தில் 24 மணி நேரச் சிறுநீரால் வந்த எண் 9.46; டெல்லி, அரியானாவில் 8.59. இவற்றை வரிசையாக எழுதி "இந்தியாவில் உப்புக் கூடிக்கொண்டு போகிறது" என்று தலைப்புப் போட ஒரு பத்திரிகைக்குக் கை துறுதுறுக்கும். வேறு வேறு ஊர், வேறு வேறு முறை. அந்த எண்களை அடுத்தடுத்து வைத்ததால் அவை ஒரு கோடாகிவிடா.

பல நாடுகளை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கும் பெரிய முயற்சி 1988 இல் வெளியானது. இன்டர்சோல்ற் என்ற அந்த ஆய்வு 32 நாடுகளில் 52 இடங்களில் 20 முதல் 59 வயதுவரையான 10,079 பேரிடம் கலன் கொடுத்துச் சிறுநீர் சேர்த்தது. பிரேசில் காட்டில் வாழும் யனோமாமி மக்களின் கலனில் சோடியம் இருந்ததாகவே சொல்ல முடியாது. வட சீனத்தின் தியன்ஜினில் 242 மில்லிமூல், அதாவது 14 கிராம் உப்பு. இந்தியாவிலிருந்து லடாக்கும் புதுடில்லியும் பட்டியலில் இருந்தன. உப்பு மிகக் குறைவாக உண்ணும் சமூகங்களில் வயது ஏற ஏறக் குருதி அமுக்கம் ஏறுவதில்லை என்பதே அதில் பலரையும் உலுக்கிய செய்தி. "வயது போனால் பிறசர் வரத்தானே செய்யும்" என்று நாம் கிளினிக் வாசலில் சொல்லிக்கொள்வது இயற்கை விதியல்ல என்று அது காட்டியது. மிகுதி வாதங்கள் இன்னும் முடியவில்லை. அவற்றை வேறோர் அத்தியாயத்துக்கு விடுகிறேன்.

காலத்தோடு அளப்பதில் முன்னோடி பின்லாந்து. இருதய நோயால் ஆண்கள் இளவயதிலேயே விழுந்த நாடு அது. 1979 இல் தொடங்கி 1982, 1987, 2002 என்று ஒரே முறையில் கலன் கொடுத்துச் சேர்த்தார்கள். ஆண்களிடம் 220 மில்லிமூலுக்கு மேலிருந்த சோடியம் 2002 இல் 170 க்குக் கீழே வந்தது. பெண்களிடம் 180 அளவிலிருந்து 130 க்குக் கீழே. உப்பில் சொன்னால் ஆண்களுக்கு 13 கிராம் 10 ஆகியிருக்கிறது. இருபத்துமூன்று வருடத்தில் மூன்று கிராம். இடையில் பத்திரிகைப் பிரசாரம், பாணிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் உப்புக் குறைப்பு, 1993 இல் உப்புக் கூடிய உணவுக்கு எச்சரிக்கைச் சிட்டை எல்லாம் நடந்தன. அளவீடு இல்லாமலும் இவற்றைச் செய்திருக்கலாம். ஆனால் பலன் உண்டா என்று எவரும் நிச்சயமாகச் சொல்லியிருக்க முடியாது.

பிரித்தானியாவின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி வெற்றியல்ல, ஒரு திருத்தம். 2000-01 இல் அங்கே வளர்ந்தவர்களின் சராசரி 9.5 கிராம் என்று பதிவானது. பிறகு பாணிலும் பதப்படுத்திய உணவிலும் கொஞ்சம் கொஞ்சமாக, நாக்குக்குத் தெரியாமல், உப்பைக் குறைத்தார்கள். 2011 இல் 8.1 என்று அறிவித்தார்கள். 2014 இல் 8.0. அந்த 2014 அறிக்கை எழுதியவர்கள் நின்று யோசித்தார்கள்: இடைப்பட்ட வருடங்களில் மாதிரிகளை வெவ்வேறு ஆய்வுகூடங்கள் அல்லவா பரிசோதித்தன? ஒரு கூடத்தின் கருவி மற்றக் கூடத்தின் கருவியைவிடச் சற்றுக் கூடக் காட்டினால், குறைந்தது உப்பா, கருவியா? பழைய எண்களைக் கருவி வேறுபாட்டுக்கு ஏற்பத் திருத்தி எழுதினார்கள். அப்போதும் 2005-06 இலிருந்து 2014 வரை இறக்கம் உண்மையாகவே இருந்தது, 11 சதவீதம். அதற்குப் பிறகு இறக்கம் நின்றுவிட்டது. 2018-19 இல் 8.4. இலண்டனிலும் அயலிலும் வாழும் நம் உறவினர்களின் சம்பலும் கருவாடும் அந்தச் சராசரிக்குள் எங்கோ கிடக்கத்தான் செய்கின்றன.

பிரித்தானியரின் வழியை இங்கே அப்படியே இறக்குமதி செய்ய ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே உப்பில் முக்காற் பங்கு தொழிற்சாலையில் சேர்கிறது. ஒரு சில கம்பனிகளை மேசைக்கு அழைத்தால் ஒரு நாட்டின் நாக்கையே மாற்றலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் உப்பைத் தீர்மானிப்பவர் சமைப்பவர். வீட்டுக்கு ஒருவர். இலங்கையில் பொதி உணவுகளுக்குச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று நிறக் குறியீடு போடச் சட்டம் வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் சம்பலுக்கு யார் நிறம் பூசுவார்கள்?

சராசரி என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் ஓட்டைகளும் உண்டு. 2005-06 இல் இலங்கையின் நீரிழிவு, இருதய நோய் ஆபத்துகளைப் பற்றி நடந்த பெரிய ஆய்வு 5,000 பேரை எடுத்தது; ஏழு மாகாணங்கள். விடுபட்டவை வடக்கும் கிழக்கும். போர் நடந்துகொண்டிருந்தது, வேறு வழியில்லை என்பதும் உண்மை. 2001 குடிசன மதிப்பீட்டையே யாழ்ப்பாணத்தில் முழுமையாக எடுக்க முடியவில்லை. 1981 க்குப் பிறகு நாடு முழுவதையும் எண்ணி முடித்தது 2012 இல். ஆகவே "இலங்கையரின் போக்கு" என்று வரையப்படும் பல கோடுகளின் தொடக்கப் புள்ளியில் நம் ஊர் இல்லை. பின்னால் வந்த புள்ளிகளில் மட்டும் இருக்கிறது. கோட்டின் இரு முனைகளும் ஒரே மக்களைக் காட்டாதபோது அதன் சரிவை வைத்து வாதாடுவதில் பயனில்லை.

சரி, குடாநாட்டுக்கென்று ஒரு தொடர் அளவீடு தொடங்குவோம் என்று வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள். அவற்றில் சிலவற்றைச் சீட்டெடுத்துத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் வாக்காளர் இடாப்பிலிருந்து ஆட்களைத் தெரிந்து, கலன் கொடுக்கலாம். பாடப் புத்தகம் அவ்வளவோடு விட்டுவிடும். மண்ணில் இறங்கினால் முதலில் தண்ணீர் வழிமறிக்கும்.

யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கிய மழைநீரே கிணறுகளில் ஊறுகிறது. அந்த நன்னீர், கீழே கிடக்கும் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலாரின் கணக்கு. இதன் மறுபக்கம் பயங்கரமானது: மேலே ஒரு சாண் இறைத்துக் குறைத்தால் கீழே உவர்நீர் நாற்பது சாண் ஏறப் பார்க்கும். நவக்கிரியருகே நிலாவரைக் கிணற்றில் இதை நேரிலேயே அளக்கலாம். மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு நீர். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையோடு கிணறுகள் நிரம்பித் தையில் தண்ணீர் நன்றாக இருக்கும். பிறகு வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைத்து இறைத்து, ஆவணி புரட்டாதியில் கரையோரக் கிணறுகள் உவர்க்கும். "நல்ல தண்ணிக் கிணறு" என்று ஊருக்கு ஒன்றிரண்டு தனியே பெயர் வாங்கியிருப்பது சும்மாவல்ல. தீவுப் பகுதியில் நிலைமை இன்னும் மோசம்.

குடிநீரில் லீற்றருக்கு 200 மில்லிகிராம் சோடியம் வரை ஏற்கலாம் என்பது பொது அளவு. அதுவும் சுவையை வைத்துச் சொன்னது. அந்த எல்லையில் நிற்கும் தண்ணீரை நாளுக்கு மூன்று லீற்றர், தேத்தண்ணி கஞ்சி உட்பட, குடிப்பவருக்கு 600 மில்லிகிராம் சோடியம் போகும். உப்பாகச் சொன்னால் ஒன்றரைக் கிராம். தண்ணீர் அதைவிட இரண்டு மடங்கு உவர்த்தால் மூன்று கிராம். பரிந்துரைத்த 5 கிராமில் பாதிக்கு மேல் ஒரு பருக்கை சோறு தொடாமலே போய்விட்டது. எந்தக் கேள்விக்கொத்தும் இதைப் பிடிக்காது. "நான் உப்பே சேர்க்கிறதில்லை டொக்டர்" என்று சத்தியம் செய்யும் நெடுந்தீவு முதியவர் பொய் சொல்லவில்லை. கலன் பிடிக்கும்.

இதே பிரச்சினையை வங்காளதேசத்தின் தென்மேற்குக் கரை நன்றாக அறியும். குல்னா மாவட்டத்தின் டாக்கோப் பகுதியில் உவர்நீர் குடிக்கும் கர்ப்பிணிகளிடம் உயர் குருதியமுக்கம் கூடுதலாக, அதிலும் வரட்சிக் காலத்தில், காணப்படுவதாக 2011 இல் ஓர் ஆய்வு வந்தது. எல்லாரும் பயந்தார்கள். 2019 இல் அதே கரையிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தபோது கதை சிக்கலாயிற்று: மிதமாக உவர்த்த நீரைக் குடித்தவர்களின் சிறுநீரில் சோடியம் கூடத்தான் இருந்தது, குருதி அமுக்கமோ குறைந்திருந்தது. அந்த நீரில் சோடியத்தோடு கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்து வந்ததே காரணம் என்று ஆய்வாளர் வாதிட்டனர். கேத்திலின் அடியில் வெள்ளைப் படையை நாள்தோறும் பார்க்கும் யாழ்ப்பாணத்தாருக்கு இது சுவாரசியமான செய்தி. சுண்ணக்கல் நீரில் கல்சியத்துக்குக் குறைவில்லை. இங்கே கலனில் சோடியத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். அதே மாதிரியில் சோடியம், பொற்றாசியம், கல்சியம், மக்னீசியம் நான்கையும் பார்க்க வேண்டும். செலவு சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

தண்ணீருக்கு அடுத்தது வியர்வை. பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரில் வரும் என்ற கணக்கு குளிர் நாட்டிலும், மின்விசிறிக்குக் கீழே இருப்பவரிடமும் சரிவரும். சித்திரை வெயிலில் வெங்காயத் தறையில் நிற்பவர் ஒரு நாளில் நாலு லீற்றர் வியர்ப்பது பெரிய காரியமில்லை. வெயிலுக்குப் பழகிய உடல் வியர்வையில் உப்பைச் சிக்கனப்படுத்தும். அப்படியும் லீற்றருக்கு 30 மில்லிமூல் போவதாக வைத்தால் நாலு லீற்றரில் 120 மில்லிமூல், 7 கிராம் உப்பு. அவருடைய கலன் 5 கிராம் காட்டினால், "நல்ல கட்டுப்பாடு" என்று பாராட்டிவிட்டுப் போவோம். அவர் தின்றதோ 12. அதே ஆளை மார்கழி மழையில் அளந்தால் வேறு எண் வரும். தோட்டத்தை விட்டுக் கடைக்கு வேலைக்குப் போன மகனை அளந்தால், சாப்பாடு ஒன்றே என்றாலும், சிறுநீரில் உப்புக் கூடிவிட்டதாகத் தெரியும். ஒரு தலைமுறையே வயலிலிருந்து நிழலுக்கு நகரும்போது, கலன்களின் சராசரி ஏறும். அதைப் பார்த்து "மக்கள் உப்பைக் கூட்டிவிட்டார்கள்" என்று முடிவு கட்டினால் ஏமாந்தோம்.

நாட்காட்டியையும் விடக்கூடாது. நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் எத்தனையோ வீடுகளில் மீனில்லை, கருவாடில்லை. சட்டி பானையே மாறும். அதற்குப் பதில் அப்பளமும் மோர்மிளகாயும் வடகமும் இலையில் ஏறும். உப்புக் கூடுமா குறையுமா என்று ஊகிக்க நான் துணியமாட்டேன். ஆனால் முதற் சுற்றைத் திருவிழாவுக்குள்ளும் இரண்டாம் சுற்றைத் தைமாதத்திலும் எடுத்துவிட்டு வித்தியாசத்தைப் பேசுவது அபத்தம். வெள்ளிக்கிழமை மரக்கறி உண்ணும் ஊரில், கிழமையின் ஏழு நாட்களும் மாதிரிக்குள் சமமாக வந்தாக வேண்டும். கிறிஸ்தவக் கரையோரக் கிராமங்களுக்குத் தவக்காலம் உண்டு, முஸ்லிம்களுக்கு நோன்பு உண்டு. என் தெரிவு, இரண்டு மாதங்கள்: கிணறு நிறைந்த தையும், கிணறு உவர்க்கும் புரட்டாதியும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இரண்டு மாதங்கள்.

எத்தனை பேர் வேண்டும்? ஆளுக்கு ஆள் உப்பு நிறைய மாறும். அந்த விலகலை 4 கிராம் என்று வைப்போம். 100 கலன் சேர்த்தால் சராசரியில் முன்பின்னாக 0.8 கிராம் தடுமாற்றம் இருக்கும். 400 சேர்த்தால் 0.4. இரண்டு சுற்றுகளை ஒப்பிடும்போது தடுமாற்றம் இன்னும் கூடுவதால், ஒவ்வொன்றிலும் 400 பேர் இருந்தால்கூட 0.6 கிராமுக்குக் குறைந்த மாற்றத்தை நம்ப முடியாது. நாடுகள் ஏற்றுக்கொண்ட உலக இலக்கு, உப்பை 30 சதவீதம் குறைப்பது. 2025 க்கென்று வைத்த அந்தக் கெடு 2030 க்கு நீண்டிருக்கிறது. 8 கிராமில் 30 சதவீதம் என்றால் 2.4, அதைத் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் வருடா வருடம் அளந்து, 0.2 ஏறிற்று 0.3 இறங்கிற்று என்று செய்தி விடுவது பணத்தைக் கொட்டுவது. நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை, ஒழுங்காக, போதும்.

இந்தக் கணக்கு ஊருக்குப் பொருந்தும், ஆளுக்குப் பொருந்தாது. மொஸ்கோவில் செவ்வாய்ப் பயணத்துக்கு ஒத்திகையாகச் சில ஆண்களை மாதக்கணக்கில் மூடிய கூடத்துள் வைத்திருந்தார்கள். உணவு முழுக்க ஆய்வாளரின் கையில். உப்பு 12, 9, 6 கிராம் என்று படிப்படியாக இறக்கப்பட்டது. யென்ஸ் டிட்சேயும் கூட்டாளிகளும் 2013 இல் வெளியிட்ட முடிவு பலரை நெளிய வைத்தது. ஒரே அளவு உப்பை நாள்தோறும் உண்டவரின் சிறுநீரிலும் சோடியம் நாளுக்கு நாள் ஏறி இறங்கியது. ஏறத்தாழக் கிழமைக்கு ஒரு முறை வரும் அலைபோல. உடல் உப்பைத் தன் போக்கில் பிடித்து வைத்துப் பிறகு விடுகிறது. ஆகவே உங்கள் ஒரு நாட் கலனைப் பார்த்து உங்கள் உப்பைச் சொல்ல முடியாது. நானூறு பேரின் அலைகள் ஒன்றையொன்று சமப்படுத்திக்கொள்வதால் ஊரின் சராசரி மட்டும் நிற்கிறது. தனியார் ஆய்வுகூடத்தில் காசு கட்டி ஒரு முறை சோடியம் பார்த்துவிட்டு நிம்மதியடைகிறவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

கலன் முழுதாக வந்ததா என்று எப்படித் தெரியும்? பரா-அமினோபென்சோயிக் அமிலம் என்ற தீங்கற்ற குளிசையை 80 மில்லிகிராமாக மூன்று வேளை கொடுத்தால், அதில் 85 சதவீதத்துக்கு மேல் கலனில் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் எங்கோ தவறியிருக்கிறது. குளிசை கொடுக்க வசதியில்லாத இடங்களில் கிரியேற்றினினைப் பார்க்கிறார்கள். அது தசையிலிருந்து வருவது. மெலிந்த, வயது போன உடல்களில் குறைவாகவே இருக்கும். ஐரோப்பிய உடலுக்கு வகுத்த எல்லையை இங்கே வைத்தால், ஒழுங்காகச் சேர்த்துத் தந்த ஆச்சியின் கலனைத்தான் முதலில் தள்ளிவிடுவோம்.

இந்தச் சிரமங்களைக் கண்டு அலுத்தவர்கள் குறுக்குவழி ஒன்று கண்டுபிடித்தார்கள். ஒரு சிறு போத்தலில் ஒரு முறை போகும் சலத்தை எடுத்து, வயது, எடை, கிரியேற்றினின் எல்லாவற்றையும் ஒரு சமன்பாட்டில் போட்டு 24 மணி நேரத்தை ஊகிப்பது. கவாசாக்கி, தனாக்கா என்ற ஜப்பானிய ஆய்வாளரின் சமன்பாடுகள் இதில் பெயர் பெற்றவை. உலக சுகாதார நிறுவனத்தின் தொற்றா நோய்க் கணக்கெடுப்புகளும் சிறு போத்தலையே பயன்படுத்துகின்றன. மலிவு, விரைவு, ஆட்கள் ஒத்துழைப்பார்கள். ஆனால் இந்தச் சமன்பாடுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு: உப்புக் குறைவாக உண்பவருக்குக் கூட்டிச் சொல்லும், கூடுதலாக உண்பவருக்குக் குறைத்துச் சொல்லும். எல்லாரையும் நடுவுக்கு இழுக்கும். காலத்தோடு அளக்கும்போது இது பெரிய தீங்கு. ஊர் உண்மையிலேயே 9 கிராமிலிருந்து 6 க்கு இறங்கியிருந்தாலும் சமன்பாடு அந்த இறக்கத்தைத் தட்டையாக்கிக் காட்டும். முயற்சி தோற்றது என்று சொல்லி அதிகாரிகள் கோவையை மூடிவிடுவார்கள். சிறு போத்தலை நான் முற்றாக வேண்டாமென்று சொல்லவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகுதியினரிடமாவது கலனையும் சேர்த்தெடுத்து, போத்தலை அதனோடு ஒப்பிட வேண்டும்.

சிறு போத்தல் நன்றாக வேலை செய்யும் இடம் ஒன்றுண்டு: அயடின். இலங்கை 1995 இல் அயடின் சேர்க்காத உப்பை விற்பதைச் சட்டத்தால் தடுத்தது. அதே வருடம் ஒக்ரோபர் இறுதியில்தான் குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதும் போரால் ஓரிரவில் இடம்பெயர்ந்தது. எந்த உப்பு எந்தப் பொதியில் வந்தது என்று பார்க்கும் நிலையில் எவரும் இல்லை. ஆனையிறவு உப்பளமோ 1990 இலிருந்து போரால் மூடிக் கிடந்தது. போர் முடிந்தபின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தார் மாவட்டத்துக் கர்ப்பிணிகளின் அயடின் நிலையை அளந்திருக்கிறார்கள். சிறுநீரை வைத்து ஊரை அறியும் வேலை இங்கே புதிதல்ல, ஆளும் அறிவும் உண்டு. உப்பைக் குறை என்று ஒரு அலுவலகமும், அயடின் உப்பை உண் என்று இன்னொரு அலுவலகமும் சொல்வது முரண்போலத் தெரியும். கணக்குப் பார்த்தால் தீரும். வீட்டு உப்பில் கிராமுக்கு 15 மைக்ரோகிராம் அயடின் இருந்தால், 8 கிராம் உண்பவருக்கு 120 கிடைக்கும். 5 கிராமுக்கு இறங்கினால் 75. வளர்ந்தவருக்குத் தேவை 150. ஆகவே உப்பு இறங்க இறங்க, உப்பிலுள்ள அயடினை ஏற்ற வேண்டும். எப்போது, எவ்வளவு ஏற்றுவது என்பதை அந்த ஒரே கலன் சொல்லிவிடும். இரண்டு அலுவலகங்களும் ஒரே கலனைப் பகிர்ந்தால் செலவும் பாதி.

ஆனையிறவில் 2025 பங்குனியில் உப்புத் தொழிற்சாலை மீண்டும் தொடங்கியபோது சண்டை பெயரைப் பற்றியதாக இருந்தது. பொதியில் "ரஜ லுணு" என்ற சிங்களப் பெயரைப் போட்டதை எதிர்த்து, "ஆனையிறவு உப்பு" என்றே இருக்க வேண்டும் என்று ஊரார் கேட்டனர். நியாயமான கோரிக்கை. கரணவாய் உப்பைக் கடலுக்குக் கொண்டுபோகத் தொண்டைமான் என்பவன் ஆறு வெட்டினான் என்று மரபுக்கதை சொல்லும் நாட்டில் உப்பின் பெயர் சும்மா பெயரல்ல. என்றாலும் கடலுப்பு, இந்துப்பு, ஆனையிறவு உப்பு எதுவானாலும் சோடியம் ஏறக்குறைய ஒன்றே. சோடியத்தின் ஒரு பங்கைப் பொற்றாசியமாக மாற்றிய உப்புத்தான் உண்மையில் வேறு. சீனத்தின் 600 கிராமங்களில் 20,995 பேரை வைத்து அதைச் சோதித்த ஆய்வு, பாரிசவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021 இல் சொன்னது. சமையல்காரரின் கையை மாற்றாமல் சட்டியிலுள்ள உப்பை மாற்றும் வழி அது. நம் அடுப்படிக்குப் பொருத்தமான யோசனை. ஆனால் சிறுநீரக நோயாளர்களுக்கு அது ஆபத்தாகலாம்.

இதற்கிடையில் குடாநாட்டில் ஒரு பெரிய பரிசோதனை எவரும் திட்டமிடாமலே தொடங்கிவிட்டது. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ற்றில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. சவ்வு வழியே வடித்த அந்தத் தண்ணீரின் தன்மையும் சுண்ணக்கல் கிணற்று நீரின் தன்மையும் ஒன்றல்ல. உவர் போகும்போது கிணற்று நீரின் கல்சியமும் மக்னீசியமும் கூடப் போகும். எல்லா ஊருக்கும் ஒரே நாளில் குழாய் போய்ச் சேர்வதில்லை. இன்று உவர்க் கிணற்றை நம்பியிருக்கும் ஒரு கிராமத்துக்கு நாலு வருடத்தில் குழாய் வந்தால், சமையலில் ஒரு சிட்டிகை உப்பும் குறையாமலே அவ்வூரின் கலன் ஒன்றிரண்டு கிராம் இறங்கலாம். சுகாதாரத் திணைக்களம் அதைத் தன் பிரசாரத்தின் வெற்றி என்று எழுதும். அப்படி எழுதாமலிருக்க ஒரே வழி, குழாய் எட்டாத கிராம அலுவலர் பிரிவுகளில் இப்போதே ஒரு தையிலும் ஒரு புரட்டாதியிலும் கலன் கொடுத்து, பக்கத்தில் கிணற்றுத் தண்ணீரிலும் ஒரு போத்தல் எடுத்து, இரண்டையும் ஒரே ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது. மாதிரியில் ஒரு பங்கை உறைநிலையில் வைத்தால், பின்னால் கருவி மாறினாலும் பழையதைப் புதியதோடு ஒப்பிடலாம். அதற்குத் தேவை நானூறு கலனும், ஒரு நல்ல குளிரூட்டியும், மின்வெட்டு வந்தால் ஓட ஒரு ஜெனரேற்றரும்.